ஸ்டேடியம் பக்கத்துல ட்ரோன் விடுறீங்களா? மேப்புக்கு முன்னாடி மேட்ச் அட்டவணையைப் பாருங்க

வணக்கம் மக்களே. காத்து கொஞ்சம் இரைச்சலா இருக்கும், பொறுத்துக்கோங்க. மைக்குக்கு உறை போட்டிருக்கேன், இருந்தாலும் கேட்கும். ஆட்டம் நடக்கிற அன்னைக்கு ஸ்டேடியத்தைச் சுத்தி பறக்கத் தடை இருக்கு, ட்ரோனுக்கும்தான். அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச்சு.

நான் இப்ப அமெரிக்காவுல, பால்டிமோர்ல 33வது தெருவுல நிக்கிறேன். பின்னாடி பாருங்க. ஒய்.எம்.சி.ஏ. கட்டடம், அந்தப் பக்கம் பெரியவங்க தங்குற குடியிருப்பு, ஒரு விளையாட்டு மைதானம். சாதாரணத் தெருதான். ஆனா இங்கதான் முன்னாடி மெமோரியல் ஸ்டேடியம் இருந்துச்சு. இந்த ஊரோட பேஸ்பால், ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால், நம்ம கால்பந்து இல்லை) எல்லாமே பல வருஷம் இங்கதான் நடந்துச்சு. 2000ஐ ஒட்டின வருஷங்கள்ல இடிச்சிட்டாங்க.

1976, டிசம்பர் 19. அப்போ இந்த ஊர் ஃபுட்பால் அணியா இருந்த கோல்ட்ஸுக்கும் பிட்ஸ்பர்க் அணி ஸ்டீலர்ஸுக்கும் பிளே ஆஃப் ஆட்டம். சுமார் 60 ஆயிரம் பேர் வந்திருந்தாங்க. ஸ்டீலர்ஸ் 40, கோல்ட்ஸ் 14. சொந்த ஊர் அணி இப்படி அடி வாங்குனா ஜனங்க என்ன பண்ணுவாங்க? ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாங்க. மேல் அடுக்குல முக்கால்வாசி இருக்கை காலி. ஆட்டம் முடிஞ்சு சில நிமிஷத்துல ஒரு சின்ன விமானம், பைப்பர் செரோக்கி, ஸ்டேடியத்துக்குள்ள தாழ்வா இறங்கி வந்து, திரும்ப மேல ஏற முடியாம, அந்த மேல் அடுக்கு இருக்கைகள்லயே போய் மோதுச்சு.

யாரும் சாகலை. ஓட்டினவரும் பொழைச்சுக்கிட்டார், அப்புறம் அவர் மேல வழக்கு நடந்துச்சு. ஆட்டம் மட்டும் சமமா போயிருந்தா? கடைசி நிமிஷம் வரைக்கும் இழுபறியா இருந்திருந்தா? அந்த மேல் அடுக்கு முழுக்க ஆள் இருந்திருப்பாங்க. இந்த இடத்துல நின்னு அதை நினைச்சுப் பார்த்தா எனக்கு உடம்பு சிலிர்க்குது.

அப்பவே கூட்டத்துக்கு மேல தாழ்வா பறக்கக் கூடாதுன்னு விதி இருந்துச்சு. இன்னைக்கும் இருக்கு. திறந்தவெளியில ஜனம் கூடியிருந்தா, சுத்தி 2,000 அடிக்குள்ள இருக்கிற உயரமான பொருளுக்கும் மேல 1,000 அடி விட்டுத்தான் விமானம் போகணும். அது பொதுவான பாதுகாப்பு விதி. நான் இன்னைக்குப் பேச வந்தது அதுக்கு மேல வந்த இன்னொரு தடை. 2001 செப்டம்பர் 11க்கு அப்புறம் கொண்டு வந்தது.

அதுக்குப் பேரு டி.எஃப்.ஆர்., தற்காலிகப் பறப்புத் தடை. அமெரிக்காவோட விமானப் போக்குவரத்துத் துறை எஃப்.ஏ.ஏ. ஒரு நோட்டம் போட்டு அறிவிக்கும். விமானிகளுக்குக் கொடுக்கிற அறிவிப்புக்குப் பேரு நோட்டம். நம்ம தமிழ்ல நோட்டம்னா கூர்ந்து பார்க்கிறது, இல்லையா? பறக்கிறதுக்கு முன்னாடி நோட்டம் பாருங்கன்னு நான் என் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ரெண்டு அர்த்தமும் சரியா பொருந்துச்சு.

விதி இதுதான். 30 ஆயிரம் பேரோ அதுக்கு மேலயோ உட்கார்ற ஸ்டேடியம். அதுல எம்.எல்.பி.ங்கிற பெரிய லீக் பேஸ்பால், என்.எஃப்.எல்.ங்கிற தொழில்முறை ஃபுட்பால், இல்லைன்னா என்.சி.ஏ.ஏ. டிவிஷன் ஒன் கல்லூரி ஃபுட்பால் நடக்குது. நாஸ்கார் கப், இண்டிகார் மாதிரி கார் பந்தயங்களும் இந்தப் பட்டியல்ல உண்டு. அந்த இடத்தைச் சுத்தி 3 நாட்டிக்கல் மைல், தரையிலிருந்து 3,000 அடி உயரம் வரைக்கும், அனுமதி இல்லாம யாரும் பறக்கக் கூடாது. ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி தடை விழும். ஆட்டம் முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் எடுக்கும்.

3 நாட்டிக்கல் மைல்னா கிட்டத்தட்ட 5.5 கிலோமீட்டர். ஸ்டேடியத்தை நடுவுல வச்சு வட்டம் போட்டா சுமார் 97 சதுர கிலோமீட்டர் உள்ள வந்துடும். நிறையப் பேர் "நான் ஸ்டேடியத்துக்கு மேலயா விட்டேன், தள்ளித்தானே விட்டேன்"னு சொல்றாங்க. நீங்க நிக்கிற இடத்துலேருந்து ஸ்டேடியம் கண்ணுக்கே தெரியாம இருக்கலாம். அப்பவும் நீங்க வட்டத்துக்குள்ளதான் இருப்பீங்க.

இந்த ஊரையே எடுத்துக்கோங்க. இப்ப பேஸ்பால் நடக்கிறது கேம்டன் யார்ட்ஸ்ல. ஃபுட்பால் ஸ்டேடியம் அதுக்குப் பக்கத்துலயே இருக்கு. நான் நிக்கிற இந்த 33வது தெருவுலேருந்து கேம்டன் யார்ட்ஸுக்கு நேர்கோட்டுல அளந்து பார்த்தேன், சுமார் 2.9 நாட்டிக்கல் மைல் வருது. ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு சுமார் 3.2. ரெண்டும் அடுத்தடுத்த கட்டடம். ஆனா இந்த ஊர் பேஸ்பால் அணி ஓரியோல்ஸ் ஆடுற அன்னைக்கு இந்த இடத்துல ட்ரோன் ஏத்தினா தப்பு. ஃபுட்பால் அணி ரேவன்ஸ் ஆடுற அன்னைக்கு இதே இடம் வட்டத்துக்கு வெளியில. பழைய விபத்து நடந்த இடத்துலயே புது வட்டத்தோட விளிம்பு விழுதுங்கிறது அளந்த பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

சரி, இப்ப எனக்கு நடந்ததைச் சொல்றேன். இந்த வீடியோ போடக் காரணமே அதுதான்.

போன வருஷம் அக்டோபர், சனிக்கிழமை. தெரிஞ்ச பொண்ணு ஒருத்திக்கு வளைகாப்பு. ஒரு பூங்காவுல பந்தல் மாதிரி போட்டு வச்சிருந்தாங்க, மரமெல்லாம் இலை சிவந்து அவ்வளவு அழகு. மேலேருந்து ஒரு ஷாட் எடுத்துக் கொடுங்கன்னு கேட்டாங்க. நான் முறைப்படி லைசென்ஸ் வாங்கினவ. அந்த இடம் விமான நிலையக் கட்டுப்பாட்டுக்குள்ள வருது. அதனால லான்ஸ், அதாவது ட்ரோனுக்கு ஆன்லைன்ல வான்வெளி அனுமதி கொடுக்கிற ஏற்பாடு, அது மூலமா அனுமதி கேட்டேன், உடனே கிடைச்சிடுச்சு. பேட்டரி ஃபுல். பேடை விரிச்சு ட்ரோனை வச்சாச்சு. கையில ரிமோட்.

அப்ப தூரத்துல டிரம் சத்தம் கேட்டுச்சு. ஒரு தாளத்தோட, வரிசையா. நான் ஏதோ பக்கத்துல விசேஷம்னு நினைச்சேன். அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் சொன்னார், "அக்கா, இன்னைக்கு காலேஜ் மேட்ச் இருக்கு. அந்த பேண்டு சத்தம்தான் அது." நான் ரிமோட்டை அப்படியே கீழ வச்சிட்டேன். போன்ல பார்த்தா ஆட்டம் ஆரம்பிக்க 40 நிமிஷம்தான் இருக்கு. தடை விழுந்து 20 நிமிஷம் ஆயிடுச்சு. ஸ்டேடியம் அங்கேருந்து ரெண்டு மைல்கூட இல்லை.

கையில லைசென்ஸ் இருந்தும், லான்ஸ் அனுமதி வாங்கியிருந்தும் நான் தப்பு பண்ணப் பார்த்தேன். லான்ஸ் அனுமதிங்கிறது விமான நிலையத்தைச் சுத்தின வான்வெளிக்கு மட்டும்தான். டி.எஃப்.ஆர். தனி. ஒண்ணு கிடைச்சதால இன்னொண்ணு கிடைச்சதா ஆகாது. அன்னைக்கு பேண்டு வாசிக்காம இருந்திருந்தா, அவர் சொல்லாம இருந்திருந்தா, நான் ஏத்தியிருப்பேன். வளைகாப்புக்கு வந்த நூறு பேர் தலைக்கு மேல இல்லை, சரி. ஆனா நாட்டோட பாதுகாப்பு வான்வெளின்னு அறிவிச்ச இடத்துக்குள்ள.

இது ஏன் இவ்வளவு சுலபமா தவறிப்போகுதுன்னா, மத்த டி.எஃப்.ஆர். எல்லாம் இடம், தேதி, நேரம் போட்டு வரும். ஜனாதிபதி வர்றார்னா எந்த ஊர், எத்தனை மணிக்குன்னு இருக்கும். ஸ்டேடியத்துக்கு அப்படி இல்லை. ஒரே ஒரு நிலையான நோட்டம், நாடு முழுக்க. "இந்த வகை ஆட்டம் நடந்தா இந்தத் தடை", அவ்வளவுதான். எந்த ஸ்டேடியம், எந்தத் தேதி, எத்தனை மணிக்குங்கிறதை நீங்கதான் தேடிக் கண்டுபிடிக்கணும். ஒரு பேஸ்பால் அணிக்கு மட்டும் ஒரு சீசன்ல சொந்த ஊர்ல 81 ஆட்டம். மழை வந்தா தள்ளிப்போகும். ஸ்கோர் சமமா இருந்தா இன்னிங்ஸ் நீண்டுக்கிட்டே போகும். "முடிஞ்சு ஒரு மணி நேரம்"னா, முடிஞ்சதான்னு ஸ்கோர் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

2024 ஜனவரி 28, இதே பால்டிமோர்ல ரேவன்ஸ், சீஃப்ஸ் ஆட்டம். என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் போலுக்கு முந்தின ஆட்டம். நடுவுல ட்ரோன் வந்ததால ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தினாங்க. பென்சில்வேனியாவுலேருந்து வந்த ஒருத்தர் விட்டது, டி.ஜே.ஐ. கம்பெனியோட சின்ன மினி ட்ரோன். பறந்தது ரெண்டு நிமிஷம்தான். அவர் விசாரணையில சொன்னது என்ன தெரியுமா? டி.ஜே.ஐ. ஆப்ல எச்சரிக்கை எதுவும் வரலை, அதனால பறக்கலாம்னு நினைச்சேன்னு. ட்ரோனை அவர் பதிவு பண்ணலை, லைசென்ஸும் இல்லை, அதெல்லாம் அவர் தப்புதான். ஆனா அந்த ஒரு வரி என்னை உலுக்கிடுச்சு. ஆப் ஒண்ணும் சொல்லலையேன்னுதானே நானும் அன்னைக்கு ரிமோட்டைக் கையில எடுத்தேன்.

இது ஒருத்தர் ரெண்டு பேர் விஷயமும் இல்லை. என்.எஃப்.எல். பாதுகாப்புத் தலைவர் கேத்தி லேனியர் வெளியிட்ட கணக்குப்படி, ஆட்ட நேரத் தடைக்குள்ள வந்த ட்ரோன்கள் 2022 சீசன்ல 2,537. 2023ல 2,845. இத்தனை பேரும் கெட்ட எண்ணத்தோட வந்தவங்கன்னு நான் நம்பலை. பெரும்பாலும் நம்மளை மாதிரி படம் எடுக்க வந்தவங்களாத்தான் இருக்கும். ஆனா கீழ நிக்கிற போலீஸுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்? ட்ரோனைத் தடுத்து இறக்குற அதிகாரத்தை 2018 சட்டம் மத்திய அரசோட உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் நீதித் துறைக்கும்தான் கொடுத்துச்சு. உள்ளூர் போலீஸால அண்ணாந்து பார்க்கத்தான் முடிஞ்சுச்சு.

சிலர் கேட்பீங்க, வேணும்னே மோத வர்றவனை இந்த வட்டம் தடுக்குமான்னு. நானும் கணக்குப் போட்டேன். செஸ்னா மாதிரி சின்ன விமானம் 110 நாட் வேகத்துல, அதாவது மணிக்கு 110 நாட்டிக்கல் மைல், வந்தா, விளிம்புலேருந்து ஸ்டேடியத்துக்கு 98 செகண்ட். அதுக்குள்ள யாரும் எதுவும் செய்ய முடியாது. விமானிகள் பல வருஷமா வைக்கிற வாதம் இது, அதுல நியாயமும் இருக்கு. இருந்தாலும் இந்த விதி வேணும்னுதான் நான் சொல்வேன். வானம் காலியா இருந்தாத்தான் உள்ள வர்ற ஒண்ணு கண்ணுல படும். அதோட, 1976ல வந்தவர் எந்தப் பயங்கரவாதியும் இல்லை, தாழ்வா பறந்து காட்ட வந்தவர். அப்படிப்பட்டவங்களை யோசிக்க வைக்கிறதுக்கு விதி உதவும்.

விதியை எழுதினா போதாது, தகவல் போய்ச் சேரணும். அதுக்கு 2022 ஏப்ரல் 20 சாட்சி. வாஷிங்டன்ல நேஷனல்ஸ் பார்க்ல பேஸ்பால் ஆட்டம், ராணுவத்தைக் கௌரவிக்கிற நாள். கோல்டன் நைட்ஸ்னு ராணுவத்தோட பாராசூட் குழு மைதானத்துல குதிக்கிறதா ஏற்பாடு. விமானம் மேல சுத்துது. ஆனா நாடாளுமன்றத்தைக் காவல் காக்கிற கேபிடல் போலீஸுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லலை. அவங்க அச்சுறுத்தல்னு நினைச்சு நாடாளுமன்றக் கட்டடத்தையே காலி பண்ண வச்சிட்டாங்க. தகவல் கொடுக்காம விட்டது எஃப்.ஏ.ஏ. பக்கத் தவறுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அனுமதியோட பறந்த விமானத்துக்கே இந்த நிலைமை.

எனக்கு இன்னொரு ஆதங்கமும் இருக்கு. அந்தப் பட்டியல்ல எம்.எல்.எஸ். சாக்கர், அதாவது இங்க இருக்கிற தொழில்முறை கால்பந்து லீக், இல்லை. இசை நிகழ்ச்சி இல்லை. 2018ல அட்லாண்டாவுல நடந்த எம்.எல்.எஸ். இறுதி ஆட்டத்துக்கு 73,019 பேர் வந்தாங்க. அதே ஸ்டேடியம், அதே கூட்டம், பந்து மட்டும் வேற. இந்த நிலையான தடை தானா விழாது, தனியா போட்டாத்தான் உண்டு. டிஸ்னி பார்க்குகளுக்கு மட்டும் அதே 3 மைல், 3,000 அடி தடை 2003லேருந்து வருஷம் பூரா, நாள் பூரா இருக்கு. கூட்டத்தைக் காப்பாத்துறதுதான் நோக்கம்னா கூட்டத்தை வச்சுத்தானே பட்டியல் போடணும்? இந்தப் பட்டியல் அமெரிக்க நாடாளுமன்றம் 2003, 2004ல போட்ட சட்டத்துலேருந்து வந்தது. திருத்துறதும் அவங்க கையிலதான் இருக்கு.

சூப்பர் போல் வேற கதை. அன்னைக்கு வட்டம் 30 நாட்டிக்கல் மைல் வரைக்கும் விரியும், உயரம் 18,000 அடி, போர் விமானம் காவலுக்கு நிக்கும். அதுக்குத் தேதி நேரம் எல்லாம் தெளிவா அறிவிப்பாங்க. அந்த ஒரு நாளைக்கு முடியுற தெளிவு, சாதாரண சனிக்கிழமைக்கும் கிடைக்கணும்னுதான் நான் கேட்கிறேன். ஒவ்வொரு ஸ்டேடியமும், ஆரம்பிக்கிற நேரமும், முடிஞ்சதாங்கிறதும் ஒரே மேப்ல தெரியணும்.

அது வர்ற வரைக்கும் நான் என்ன பண்றேன்னு சொல்றேன். என் போன் காலண்டர்ல ஓரியோல்ஸ், ரேவன்ஸ், சுத்தி இருக்கிற கல்லூரி ஆட்டங்கள் எல்லாத்தையும் ஏத்தி வச்சிருக்கேன். படம் எடுக்கக் கூப்பிடுறவங்ககிட்ட இடத்தைக் கேட்டதும் அடுத்த கேள்வியே அன்னைக்கு ஆட்டம் உண்டான்னுதான். எங்க ட்ரோன் விடலாம்னு காட்டுற பிஃபோர் யூ ஃப்ளை ஆப்பையும் பார்க்கிறேன், ஆனா அதை மட்டும் நம்பி நிக்கிறதில்லை. தெரிஞ்சே இந்தத் தடையை மீறினா ஒரு வருஷம் வரைக்கும் சிறை உண்டு. 2024 சட்டத்துக்கு அப்புறம் ட்ரோன் தப்புக்கு அபராதம் ஒவ்வொண்ணுக்கும் 75 ஆயிரம் டாலர் வரைக்கும் போகலாம். கல்யாண வீடியோ எடுத்துக் குடும்பம் நடத்துறவங்க யாருக்கும் அது நடக்கக் கூடாது.

இன்னைக்கு ஓரியோல்ஸ் ஆட்டம் 6:35க்கு. அப்படின்னா இந்தத் தெருவுல 5:35க்கு வட்டம் விழும். மணி இப்ப 5:20. மேலேருந்து எடுத்த ஷாட் எல்லாம் நாலரைக்கே முடிச்சிட்டேன். பேட்டரியைக் கழட்டிப் பைக்குள்ள வச்சாச்சு. உங்க ஊர் ஸ்டேடியம் எது, வட்டத்தோட விளிம்பு எந்தத் தெருவுல விழுதுன்னு அளந்து கமெண்ட்ல போடுங்க. நான் ஒண்ணொண்ணா படிச்சுப் பதில் சொல்றேன்.