பியானோ எங்கே நிற்கிறது? பில்லி ஜோயலின் இசைத்தட்டுகள்

(திரையில்: சுழலும் இசைத்தட்டு)

1971இல் வெளிவந்த ‘கோல்டு ஸ்பிரிங் ஹார்பர்’ இசைத்தட்டை அன்று வாங்கியவர்கள் அமெரிக்கப் பாடகரும் பியானோ கலைஞருமான பில்லி ஜோயலின் சொந்தக் குரலைக் கேட்கவில்லை. தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில் வேகம் சற்றுக் கூடிவிட்டதால், 22 வயது இளைஞரின் குரல் சுருதி ஏறி மெலிந்து ஒலித்தது. ஒப்பந்தச் சிக்கலும் சேர்ந்துகொள்ள, நியூயார்க்கை விட்டு லாஸ் ஏஞ்சலிஸ் சென்ற அவர், பில் மார்ட்டின் என்ற பெயரில் ஒரு மதுக்கூடத்தில் மாதக்கணக்கில் பியானோ வாசித்தார். 1973இல் வந்த ‘பியானோ மேன்’ பாடல் அந்த நாட்களில் விளைந்ததுதான்.

(திரையில்: பியானோக் கட்டைகள், இடது கை மட்டும்)

இடது கையைக் கவனியுங்கள். மேல் சட்ஜமத்தில் தொடங்கும் அடிச்சுரம், சங்கராபரணத்தின் அவரோகணம் போல நி, த, ப, ம, க, ரி என்று படிப்படியாக இறங்குகிறது. (இது ராகமன்று, காதுக்குப் பிடிபடுவதற்காகவே இந்தச் சுரப்பெயர்கள்.) அடுத்துக் கீழ்ச் சட்ஜமத்தில் அமரும் என்று நாம் காத்திருக்கையில், அது பஞ்சமத்துக்குத் தாவி மறுபடியும் மேலே போய்விடுகிறது. மும்மூன்றாக எண்ணும் தாளத்தில் இந்தச் சுற்று ஓயாமல் திரும்புவதால், அந்த மதுக்கூடத்து மனிதர்களைப் போலவே பாட்டும் வீடு போய்ச் சேராமல் அங்கேயே சுற்றுகிறது.

1977இல் தயாரிப்பாளர் ஃபில் ரமோனுடன் இணைந்து உருவாக்கிய ‘தி ஸ்ட்ரேஞ்சர்’ அவரை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. அதில் பெரும்புகழ் பெற்ற ‘ஜஸ்ட் த வே யூ ஆர்’ பாடலைத் தாங்குவது மின்பியானோவின் மங்கிய, அலையாடும் ஒலி; நினைவில் தங்கும் தனி வாசிப்போ ஃபில் வுட்ஸின் சாக்ஸஃபோனுக்குப் போய்விடுகிறது. அடுத்த ஆண்டின் ‘52ஆவது தெரு’ கிராமி விருது பெற்றதுடன், 1982 அக்டோபரில் ஜப்பானில் குறுந்தகடுகள் விற்பனைக்கு வந்தபோது அவற்றில் முதலாவதாகவும் இடம்பிடித்தது.

1980இன் ‘கிளாஸ் ஹவுசஸ்’ கண்ணாடி உடையும் ஓசையுடன் தொடங்குகிறது. கிதார் முன்னே வர, பியானோ ஒதுங்கி நிற்கிறது. எனக்கு அதைவிட 1982இன் ‘தி நைலான் கர்ட்டன்’ பிடிக்கும். பென்சில்வேனியாவில் எஃகு ஆலைகள் மூடப்பட்டதைப் பாடும் ‘ஆலன்டவுன்’, ஆலைச் சங்கொலியோடு தொடங்கி, இயந்திர ஓசைகளையே தாளத்தில் சேர்த்துக்கொள்கிறது. மறு ஆண்டில் தம் இளமைக்காலப் பாட்டுகளைப் போற்றி அவர் அமைத்த ‘ஆன் இன்னசன்ட் மேன்’ தொகுப்பில், ‘திஸ் நைட்’ பாடலின் பல்லவி மெட்டு பேத்தோவனின் ‘பத்தேத்திக்’ சொனாட்டாவிலிருந்து எடுத்தது. இசைத்தட்டிலும் பேத்தோவனின் பெயரை இணை ஆசிரியராக அச்சிட்டிருக்கிறார்கள்.

1993இன் ‘ரிவர் ஆஃப் ட்ரீம்ஸ்’ தொகுப்புக்குப் பின் புதிய பாப் தொகுப்பு எதையும் அவர் வெளியிடவில்லை. 2001இல் செவ்வியல் பாணியில் அவர் இயற்றிய பியானோ உருப்படிகள் ஒரு தொகுப்பாக வந்தன. பியானோ முழுவதுமாக முன்னே வந்த அந்தத் தொகுப்பில் அவர் குரலும் இல்லை, கைகளும் இல்லை. வாசித்தவர் ஹியுங்-கி ஜூ.

(திரையில்: 2024 பிப்ரவரி)

‘டர்ன் த லைட்ஸ் பேக் ஆன்’ என்ற புதிய பாடல் அப்போது வெளியானது. தொடக்கத்தில் கேட்பது பியானோ மட்டும். அதன்மேல், எழுபதைக் கடந்து கனத்துப்போன, வேகம் கூட்டப்படாத அவருடைய குரல்.