முயல் ப்ராஜெக்ட் எடுக்குறீங்களா? முதல்ல காலண்டரை எடுங்க

வணக்கம் வணக்கம்! ஸ்கூல்ல விவசாயப் பாடத்துக்கு முயல் வளர்ப்பு எடுத்திருக்கிற பசங்களுக்கான வீடியோ இது. கூண்டு வாங்க உடனே ஓடாதீங்க. ப்ராஜெக்ட்டை என்னைக்கு ஒப்படைக்கணும்னு பாருங்க. அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கிட்டு வரணும்.

கணக்கு இதுதான். இணை சேர்த்ததுல இருந்து 31-ஆவது நாள் வாக்குல குட்டி போடும், ஒண்ணு ரெண்டு நாள் முன்ன பின்ன ஆகலாம். 5 வாரத்துல பால் மறக்கடிப்போம். நியூசிலாந்து வெள்ளை மாதிரி இனம் நல்லா வளர்ந்தா பிறந்து 10 வாரத்துல கிட்டத்தட்ட 2 கிலோ வரும். ஆக 31-ம் 70-ம் சேர்த்து 101 நாள். முதல் தடவை சினை பிடிக்கலைன்னா இன்னும் 2 வாரம் போயிடும். அதனால நாலு மாசம் கையில இருந்தா மட்டும் இனப்பெருக்கத்துல இறங்குங்க. இல்லையா, பால் மறந்த குட்டிகளை வாங்கி வளர்ச்சியை மட்டும் அளங்க. அது ஒண்ணும் மட்டமான ப்ராஜெக்ட் இல்லை. என்னைக் கேட்டா, முதல் தடவை பண்றவங்களுக்கு அதுதான் சரி.

கூண்டை வேகமா முடிச்சிடறேன். பெரிய முயல் ஒண்ணுக்கு நீளம் 75 சென்டிமீட்டர், அகலம் 60, உயரம் 45. குட்டி போடப்போறதுக்கு நீளம் 90. தரைக்கு 12-க்கு 25 மில்லிமீட்டர் கண்ணு உள்ள தடிச்ச கம்பி வலை. கண்ணு பெருசா இருந்தா குட்டியோட கால் மாட்டும், ரொம்பச் சின்னதா இருந்தா புழுக்கை கீழே விழாது. ஒரு மூலையில பலகை போடுங்க. எந்நேரமும் கம்பி மேலயே இருந்தா பின்னங்கால் புண்ணாயிடும். உங்க மூக்கை முயல் உட்கார்ற உயரத்துக்குக் கொண்டு போய் மோந்து பாருங்க. அமோனியா நெடி அடிச்சா, மூக்குச் சளி நோய் பின்னாலயே வரும். 30 டிகிரிக்கு மேல போனா முயல் திணறும். ஆண் முயலுக்கு வெக்கை ரொம்ப ஏறிட்டா சில வாரம் சினை பிடிக்க வைக்கிற சக்தியே போயிடும். பாட்டில்ல தண்ணியை உறைய வச்சு உள்ள படுக்க வைங்க, பக்கத்துல போய் சாஞ்சுக்கும்.

இணை சேர்க்கிறப்ப பெண்ணைத்தான் ஆண் கூண்டுக்குக் கொண்டு போகணும். மாத்திப் பண்ணினா, தன் இடத்துக்கு எவனோ வந்துட்டான்னு பெண் முயல் கடிச்சு விரட்டும். இணை சேர்ந்த பிறகுதான் முயலுக்குக் கருமுட்டையே வெளியே வரும். வேலை முடிஞ்சதும் ஆண் ஒரு பக்கமா சரிஞ்சு விழும், அதுதான் அடையாளம். அந்த நிமிஷமே தேதியை எழுதுங்க. 12-ஆவது நாள் வாக்குல வயித்தைத் தடவிச் சினை பார்க்கலாம், ஆனா பழகினவங்க பக்கத்துல இல்லாம அமுக்கிப் பார்க்காதீங்க.

இதோ, இதுதான் குட்டிப் பெட்டி. நீளம் 45, அகலம் 25, உயரம் 25. முன்பக்கம் மட்டும் 15 சென்டிமீட்டருக்கு இறக்கி வெட்டியிருக்கு பாருங்க. தாய் ஏறி வரலாம், குட்டி உருண்டு வெளியே வராது. அடியில மரச்சீவல், மேல காய்ஞ்ச புல்லு நிறைய. 28-ஆவது நாள் வைக்கணும். ரொம்ப முன்னாடியே வச்சா அதைக் கக்கூஸ் ஆக்கிடும். மறந்துட்டா கம்பி மேலயே குட்டி போட்டு எல்லாம் குளிர்ல செத்துப்போகும். தன் முடியைப் பிடுங்கி மெத்தை போடுறதைப் பார்த்துப் பயப்படாதீங்க, அது அப்படித்தான்.

குட்டி போட்ட அன்னைக்கே பெட்டியைப் பாருங்க. கை பட்டா தாய் ஒதுக்கிடும்னு சொல்றதை நம்பாதீங்க. முதல்ல தாயைத் தடவிட்டுக் கையை உள்ள விட்டா போதும். செத்ததை எடுங்க, எண்ணுங்க, மொத்தமா எடை போடுங்க. ஒரு குட்டி 50, 60 கிராம் இருக்கும். தாய் பெட்டிப் பக்கமே போகலையேன்னு நிறைய பேர் பதறுவாங்க. முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் சில நிமிஷம்தான் பால் கொடுக்கும். குட்டியோட வயித்தைப் பாருங்க. உருண்டையா விம்மி இருந்தா பால் குடிச்சிருக்கு, தோல் சுருங்கி இருந்தா குடிக்கலை. எட்டுக்கு மேல இருந்தா, ரெண்டு மூணு நாள் வித்தியாசத்துல குட்டி போட்ட வேற தாய்கிட்ட மிச்சத்தை மாத்திடலாம்.

வெளியே விழுந்த குட்டியை முயல் வாயில கவ்வித் தூக்கிட்டு வராது. ஜில்லுனு அசையாம கிடந்தாலும் செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. உள்ளங்கையில வச்சு மெதுவா சூடு ஏத்துங்க, பல நேரம் துள்ளும். சூடான பிறகு கூட்டத்துக்கு நடுவுல விடுங்க. கண்ணு 10-ல இருந்து 12 நாள்ல திறக்கும். ஒட்டிக்கிட்டா வெதுவெதுப்பான தண்ணியில துணி நனைச்சுத் துடைங்க. மூணு வாரத்துல பெட்டியை எடுத்துடலாம்.

சினை இல்லாத பெரிய முயலுக்கு 16 சதவீதம் புரதம் உள்ள பெல்லட், அதாவது குச்சித் தீவனம், ஒரு நாளைக்கு 120-ல இருந்து 150 கிராம், காய்ஞ்ச புல்லு எவ்வளவு வேணும்னாலும். குட்டி போட்ட பிறகு ஒரு வாரத்துல படிப்படியா ஏத்தி, கேட்கிற அளவுக்கு விட்டுடுங்க. பால் கொடுக்கிற தாய் ஒரு லிட்டருக்கு மேலயும் தண்ணி குடிக்கும். தண்ணி நின்னா தீவனமும் நிக்கும், அதனால தண்ணி வர்ற குழாய் முனை, அதாவது நிப்பிள், அடைச்சிருக்கான்னு தினமும் விரலால அமுக்கிப் பாருங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். பால் மறக்கடிச்ச அடுத்த ரெண்டு வாரம்தான் குட்டி அதிகமா சாகிற நேரம். தாய்ப்பால் நின்னு, குடல் புதுத் தீவனத்துக்குப் பழகிட்டு இருக்கும். அதே வாரம் கூண்டையும் மாத்தி, பெல்லட்டையும் மாத்தி, ஆசையா ஒரு கை பச்சைக் கீரையும் போட்டா கழிச்சல்ல போயிடும். தாயைத்தான் வேற கூண்டுக்கு மாத்தணும், குட்டிங்க அங்கேயே இருக்கட்டும். அதே பெல்லட், கூடவே காய்ஞ்ச புல்லு. தீவனத்தை மாத்தியே ஆகணும்னா, பழசுல புதுசைக் கொஞ்சம் கொஞ்சமா கலந்து 7-ல இருந்து 10 நாள் எடுத்துக்கோங்க. வயிறு உப்பி, பின்பக்கம் ஈரமா இருக்கிற குட்டியைத் தனியா பிரிச்சு, அன்னைக்கே கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க. கோக்சிடியா கிருமியா இருந்தா மத்ததுக்கும் பரவும். வீட்டுல இருக்கிற அமாக்சிசிலின், பென்சிலின் எதையும் வாய்வழியா கொடுக்காதீங்க. குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவை அழிச்சு முயலையே கொன்னுடும்.

எடைக் கணக்குதான் மார்க் வாங்கித் தரும். வாரம் ஒரு நாள், காலையில தீவனம் போடுறதுக்கு முன்னாடி. தராசு மேல வாளியை வச்சு, பூஜ்யமாக்கி, குட்டியை உள்ள விடுங்க. காதுக்குள்ள மார்க்கர்ல நம்பர் எழுதுங்க, அழிய அழிய திரும்ப எழுதணும். ரெண்டு தீவனத்தை ஒப்பிடுறீங்கன்னா, ஒரே தாயோட குட்டிகளை ரெண்டு குழுவுக்கும் பிரிச்சுப் போடுங்க. ஒரு தாயோடது எல்லாம் ஒரே பக்கம் போனா, வித்தியாசம் தீவனத்தாலயா தாயாலயான்னு கேட்டா பதில் இருக்காது. கீழே சிந்தினதைத் தட்டு வச்சுப் பிடிச்சு எடை போட்டுக் கழிச்சிடுங்க. 3.6 கிலோ சாப்பிட்டு 1.2 கிலோ ஏறியிருந்தா, தீவன மாற்று விகிதம் 3, அதாவது ஒரு கிலோ எடை ஏற 3 கிலோ தீவனம். சிந்தினதைக் கழிக்காம விட்டா 4-னு கூட காட்டும்.

ஒப்படைக்கிற அன்னைக்குத் தூக்கிட்டுப் போறவங்களுக்கு: காதைப் பிடிச்சுத் தூக்கவே கூடாது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில, இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்கி, உடம்போட அணைச்சுக்கணும். பின்னங்கால் தொங்கினா உதைக்கும், உதைக்கிற வேகத்துல முதுகெலும்பே முறியும். பெட்டியில வழுக்காத துணி விரிங்க, ஒரு பிடி புல்லும் போடுங்க. வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள மட்டும் விட்டுட்டுப் போயிடாதீங்க.