கொழும்பில் படிப்பு, ஊரில் வாக்கு

[காட்சி: வெள்ளவத்தை, காலி வீதி. யாழ்ப்பாணம் செல்லும் இரவு பஸ்.]

2024 செப்டெம்பர் 20, வெள்ளி இரவு. மறுநாள் காலை 7 மணிக்கு ஜனாதிபதித் தேர்தல் வாக்களிப்பு ஆரம்பமாகிறது. கொழும்பில் படிக்கும் யாழ்ப்பாண மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மடியில் பை, பைக்குள் தேசிய அடையாள அட்டை; ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்தால்தான் அவளால் வாக்களிக்க முடியும்.

தபால்மூல வாக்களிப்பு, தேர்தல் கடமையிலும் குறித்த சில சேவைகளிலும் உள்ளவர்களுக்கே உரியது. மாணவர்களுக்கு அந்த வசதி இல்லை. விடுதியிலோ போடிங்கிலோ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தாலும், வாக்காளர் இடாப்பில் அவர்களுடைய பெயர் பெரும்பாலும் பெற்றோரின் விலாசத்திலேயே இருக்கிறது. கிராம உத்தியோகத்தர் வழியாக வரும் படிவத்தை நிரப்புபவர் வீட்டுத் தலைவர் என்பதால், "பிள்ளை இங்கே இல்லையே" என்று அப்பா ஒரு பெயரை விட்டுவிட்டால், அந்த வாக்கு சத்தமில்லாமல் போய்விடும்.

[காட்சி: காலிமுகத்திடல்.]

மாணவர் அரசியல் என்றவுடன் நம் கண்முன் வருவது இந்த இடம்தான். 2022இல் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியமும் இங்கே திரண்ட போராட்டத்தில் முன்னின்றது. ஜூலை 14ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகினார். அந்தப் பங்களிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் போராட்டத்துக்குப் பதாகை எழுதும் மாணவர் ஒன்றியங்கள், முதலாம் ஆண்டு மாணவர்களிடம் "இடாப்பில் உன் பெயர் இருக்கிறதா?" என்று கேட்பதில் அதே அக்கறையைக் காட்டலாம். 1931இல் 21 வயது நிரம்பியோருக்குக் கிடைத்த சர்வசன வாக்குரிமை, 1959இல் 18 வயதுக்கு இறக்கப்பட்டது; ஆகவே இன்று பல்கலைக்கழகத்தில் காலடி வைப்பவர்களில் அநேகமாக எல்லோருமே வாக்களிக்கும் வயதினர்.

விருப்பு வாக்கையும் விளக்க வேண்டும். ஜனாதிபதித் தேர்தலில் முதலாம் தெரிவுடன் இரண்டாம், மூன்றாம் தெரிவுகளையும் இலக்கமிட்டுக் காட்டலாம். பலர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதுண்டு. 2024இல் எவரும் 50 வீதத்தைத் தாண்டாததால், இந்நாட்டில் முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணிக்கை நடைபெற்றது. விருப்பு வாக்குகளும் சேர்க்கப்பட்ட பின்னரே, களனிப் பல்கலைக்கழகத்தில் படித்த அநுர குமார திசாநாயக்கவின் வெற்றி அறிவிக்கப்பட்டது.

[காட்சி: மை பூசிய விரல்.]

வாக்களிப்பு மாலை 4 மணிக்கு முடிந்தது. இரவு 10 மணிக்கு ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்து, மறுநாள் நண்பகல்வரை நீடிக்கப்பட்டது. கொழும்புக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு அவள் அதுவரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.