பெரிய வியாழனுக்கு முன்பே கால் கழுவுவோம்

அன்பான பங்கு மக்களே, தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் அன்பியப் பொறுப்பாளர்களே,

நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, "இந்த வருசம் எத விட்டிருக்கீங்க?" என்பதுதான். ஒருவர் இறைச்சியை விடுகிறார், இன்னொருவர் வெற்றிலையை. நல்ல வழக்கம். அப்படி விட்டதில் மிச்சமான காசும் நேரமும் யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன? நான் பேச வந்தது அதைப் பற்றி.

சாம்பல் பூசிய மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, திருச்சபை நமக்கு வாசித்துக் காட்டுவது எசாயா 58ஆம் அதிகாரம். பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், சொந்தபந்தத்துக்கு முகத்தை மறைக்காமல் இருப்பதும்தான் ஆண்டவர் விரும்பும் நோன்பு என்கிறது. அடுத்த திங்களன்று மத்தேயு 25: பசி, தாகம், உடை, நோய். இவை எல்லாமே நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள்ளேயே செய்யக்கூடிய வேலைகள்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். தவக்காலம் மாசி, பங்குனியில் வருகிறது. தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மழை குறைந்து, நாம் தண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலியில் தண்ணீர் மெலிந்துபோகும் காலம் அது. லயத்துக் கோடிக் காம்பராவில், அதாவது கடைசி அறையில், தனியாக இருக்கும் பாட்டியால் 20 லீட்டர் கேனைத் தூக்க முடியாது. தண்ணீர் மட்டுமே 20 கிலோ. "தண்ணி வேணுமா பாட்டி?" என்று கேட்காதீர்கள்; "வேணாம் தம்பி" என்றுதான் சொல்வார். உங்கள் கேனோடு அவருடையதையும் எடுத்துப் போங்கள். நிறையப் பேர் தவறுவது ஒரு இடத்தில்: நிரம்பிய பெரிய கேனை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். அதைச் சாய்த்து ஊற்றப் பாட்டியால் முடியாது. ஐந்து லீட்டர் கேன் நான்கில் ஊற்றி, அடுப்புக்குப் பக்கத்தில், குனியாமல் எடுக்கிற உயரத்தில் வையுங்கள். நாற்பது நாளும் ஒருவரே சுமக்க வேண்டாம். லயத்துப் பையன்கள் முறை வைத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை முறையை முதலில் முடிவு செய்யுங்கள், விட்டுப்போவது அன்றைக்குத்தான்.

அடுத்தது கால். இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று கோயிலில் சாமியார் குனிந்து கால் கழுவுவதைக் கண்ணீரோடு பார்க்கிறோம். நம் வீட்டுப் பெரியவர்களின் காலை எப்போது பார்த்தோம்? மழையிலும் அட்டைக்கடியிலும் மலையில் ஏறி இறங்கிக் கொழுந்தெடுத்த கால்கள் அவை. பாதி பேருக்குக் குதிகால் வெடித்துக் கிடக்கும். சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களாக இருந்தால் பாதம் மரத்துப்போயும் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள், மாலையில், ஒரு பேசின் போதும்.

தண்ணீர் இளஞ்சூடாக இருக்கட்டும். சூட்டை உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், அவரிடம் கேட்காதீர்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, "இன்னும் ஊத்து" என்பார். கொப்புளம் மறுநாள்தான் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊற வைக்க வேண்டாம், அதிகம் ஊறினால் தோல் காய்ந்து வெடிப்பு கூடும். சாதாரண சவர்க்காரம் போதும். பழைய பருத்திச் சீலைத் துண்டால் ஒற்றி எடுங்கள். விரலிடுக்கில் ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும், ஒவ்வொரு விரலையும் விலக்கித் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயைக் குதிகாலிலும் உள்ளங்காலிலும் தடவுங்கள், விரலிடுக்கில் தடவாதீர்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்ட வேண்டாம். தடித்த நகமென்றால் கிளினிக்கில் காட்டுங்கள். பிறகு டோர்ச் அடித்து உள்ளங்காலைப் பாருங்கள். புண்ணோ, கறுப்போ, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகவோ இருந்தால் மஞ்சளும் கோப்பித்தூளும் அப்பிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கால் விரலை எடுக்கும் நிலைமை வருவது இந்தச் சின்னப் புண்ணைக் காணாமல் விடுவதால்தான்.

முதல் நாள் அப்பாயி கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார். இயேசு கழுவ வந்தபோது பேதுருவும் அப்படித்தான் மறுத்தார். வற்புறுத்தாதீர்கள், எண்ணெய் தடவுவதிலிருந்து தொடங்குங்கள்.

நோன்பு பற்றி ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும்தான் சட்டப்படியான நோன்பு நாட்கள். 18 வயதானவர்களிலிருந்து 59 வயதைத் தொடாதவர்கள் வரை அது கட்டும். கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் கட்டாது. கொழுந்து மலையில் நிற்கிற தாய்மார் பலர் இரத்தச்சோகையோடு இருக்கிறார்கள். அவர்கள் நாற்பது நாளும் காலைச் சாப்பாட்டை விடுவதை நான் ஏற்க மாட்டேன். அந்த வீட்டில் நோன்பு ஆண்களுடையதாக இருக்கட்டும்: நித்திரையை ஒரு மணி நேரம் குறைத்து, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு முன் ரொட்டியை அவர்கள் சுடட்டும். அரைக் கிலோ கோதுமை மா, அரைத் தேங்காய்த் துருவல், உப்பு, இளஞ்சூட்டுத் தண்ணீர். பிசைந்து இருபது நிமிடம் மூடி வையுங்கள். கையில் ஒட்டுகிறதே என்று திரும்பத் திரும்ப மா தூவினால் ரொட்டி மத்தியானம் தோலாகிவிடும். கல் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். குறைந்த சூட்டில் கிடந்து வறண்டாலும் அதே கதிதான். சாயத்தண்ணியை (பால் சேர்க்காத தேத்தண்ணியை) சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரும்.

சீனியை விடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி என்றால் கிட்டத்தட்ட 40 கிராம். நாற்பது நாளில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அதைத் தகர டின்னில் தனியாகப் போட்டு வையுங்கள். மனதில் மட்டும் கணக்கு வைத்தால் மாதக் கடைசியில் வீட்டிலேயே கரைந்துவிடும். கொடுக்கும்போது கோயில் முற்றத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்காதீர்கள். இருட்டிய பிறகு பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புங்கள். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்ற இயேசு, கொடுப்பவருடைய புண்ணியத்தோடு வாங்குகிறவருடைய மானத்தையும் காத்தார் என்றே நான் எண்ணுகிறேன்.

இதே மாதத்தில்தான் பக்கத்து லயத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தும் நடக்கும். சிவராத்திரியும் வரும். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டால் போய் நில்லுங்கள். தவக்கால அன்புக்கு மத எல்லை கிடையாது. 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது புனித யோசப் வாஸ் அடிகளார், மருமகன் யோசப் கர்வாலியோ அடிகளாரோடு, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிப்போய்ப் பராமரித்தார். என்ன மதம் என்று கேட்கவில்லை. 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தியபோது திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் தொண்டையும் எடுத்துச் சொன்னார்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. பூசைக்கு வர முடியாத பெரியவர்களின் பெயரையும் லயத்து இலக்கத்தையும் எழுதி, குருத்தோலை ஞாயிறுக்கு முன் சாமியாரிடம் கொடுங்கள். நற்கருணை கொண்டு வரும் நாளில் சின்ன மேசையில் வெள்ளைத்துணி, சிலுவை, மெழுகுதிரி, ஒரு கிளாஸ் தண்ணீர் வையுங்கள். அன்று காலையே அவர் குளிக்க உதவுங்கள், உடுப்பை மாற்றிவிடுங்கள். சாமியார் அடுத்த வீட்டுக்குப் போன பிறகு எழும்பி ஓடாமல் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். பெரும்பாலானவர்கள் பேசத் தொடங்குவது அப்போதுதான்.