சக்கரம் இல்லை, சூளை இல்லை, தூரிகையோ தலைமுடி: மெக்சிகோவின் வடக்கே ஒரு பானை ஊர்

[காட்சி: ஒரு பானையின் மிக நெருக்கமான படம். பானை மெதுவாகச் சுழல்கிறது.]

வணக்கம். இந்தப் பானையின் மேல் ஓடும் கறுப்புக் கோடுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நூலிழை இடைவெளியில், ஒன்றையொன்று தொடாமல், விளிம்பிலிருந்து அடிவரை அவை வளைந்து வளைந்து இறங்குகின்றன. அவற்றை வரைந்த தூரிகை, ஒரு குழந்தையின் தலைமுடியில் சில இழைகளை எடுத்துக் குச்சியில் கட்டிச் செய்யப்பட்டது. இந்தப் பானையை வனையச் சக்கரம் பயன்படவில்லை, சுடுவதற்குச் சூளை பயன்படவில்லை. எரிபொருளாக இருந்தது காய்ந்த மாட்டுச் சாணம். இது உருவான ஊரில் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் வாழ்கிறார்கள். அந்த ஊரின் பெயர் மாத்தா ஓர்டிஸ்.

மெக்சிகோ என்றதும் பெரும்பாலான பயணிகள் கான்கூன் கடற்கரைக்கும் மாயன் பிரமிடுகளுக்கும் டிக்கெட் எடுக்கிறார்கள். அமெரிக்க எல்லையை ஒட்டிய வடக்குப் பகுதியைப் பற்றிய செய்திகளில் வன்முறையைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை என்பதால், அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கே இப்படியும் ஓர் ஊர் இருக்கிறது என்பது அதிகம் பேருக்குத் தெரியவில்லை என்ற ஆதங்கத்தில்தான் இந்த வீடியோவைத் தயாரித்தோம்.

[காட்சி: வரைபடம். எல்லையிலிருந்து தெற்கு நோக்கி நகரும் புள்ளி.]

முதலில் இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவாவா மாநிலத்தின் வடமேற்கில், சியர்ரா மாத்ரே மலைத்தொடரின் அடிவாரத்தில், காசாஸ் கிராண்டெஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு இருக்கிறது. கடைகளும் விடுதிகளும் பேருந்து நிலையமும் உள்ள நகரம் நுவெவோ காசாஸ் கிராண்டெஸ். அதிலிருந்து சில கிலோமீட்டரில் பழைய சிற்றூரான காசாஸ் கிராண்டெஸ். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ அரை மணி நேரம் காரில் சென்றால் மாத்தா ஓர்டிஸ். சிவாவா நகரிலிருந்தோ, எல்லை நகரமான சியுதாத் ஹுவாரெஸிலிருந்தோ புறப்பட்டால் இந்தப் பகுதியை அடைய ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும்.

பானைக் கதைக்குப் போவதற்கு முன், அதற்கு விதையான இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும். காசாஸ் கிராண்டெஸ் ஊரின் விளிம்பிலேயே பாக்கிமே என்ற பழைய நகரத்தின் மண்சுவர்கள் நிற்கின்றன. ஏறத்தாழ 1200-க்கும் 1450-க்கும் இடைப்பட்ட காலத்தில், இந்த வறண்ட நிலப்பகுதியின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றாக அது இருந்தது. ஊற்றுநீரைக் கால்வாய் வெட்டி நகருக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். அறைக்கு அறை செல்லும் வாசல்களை, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும், ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் அமைத்திருக்கிறார்கள். 1565-இல் பிரான்சிஸ்கோ தெ இபார்ராவின் ஸ்பானியப் படை இங்கே வந்தபோது நகரம் ஏற்கெனவே கைவிடப்பட்டிருந்தது. ஆனாலும் அந்தப் பயணத்தை எழுதிவைத்த பல்தசார் தெ ஓப்ரெகோன், ஆறு ஏழு மாடிக் கட்டடங்களைக் கண்டதாகக் குறித்திருக்கிறார். மூன்று நான்கு மாடிகள் இருந்திருக்கலாம் என்பதே அகழாய்வாளர்களின் கணிப்பு. 1998-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

என்னை இங்கே கட்டிப்போட்டவை சுவர்களைவிடக் கிளிகள்தான். 1958 முதல் 1961 வரை சார்லஸ் டி பெசோ தலைமையில் நடந்த அகழாய்வில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட மக்காவ் கிளிகளின் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை செந்நிற மக்காவ்கள். அந்தப் பறவையின் இயற்கையான வாழிடம், பல நூறு கிலோமீட்டர் தெற்கே உள்ள ஈரக்காடுகள். அவ்வளவு தொலைவிலிருந்து கொண்டுவந்ததோடு நின்றுவிடாமல், குளிர்காலத்தில் உறைபனி இறங்கும் இந்தப் பாலைவனத்திலேயே அவற்றை இனப்பெருக்கம் செய்ய வைத்திருக்கிறார்கள். முட்டை ஓடுகளும் குஞ்சுகளின் எலும்புகளும் அதற்குச் சாட்சி. மக்காச்சோளத்தைத் தின்று உள்ளூரிலேயே வளர்ந்த பறவைகள் இவை என்பதைப் பின்னாளில் எலும்புகளை வேதியியல் முறையில் ஆராய்ந்தவர்களும் காட்டினார்கள். கிளிகளை வளர்த்த மண்கூண்டுகளை நீங்கள் இன்றும் நேரில் பார்க்கலாம்: வரிசையாகப் பெட்டி பெட்டியாக நிற்கும் அறைகள், ஒவ்வொன்றுக்கும் வட்டத் துளையிட்ட கல் வாசல், அந்தத் துளையை மூடுவதற்கென்றே செதுக்கிய ஒரு கல். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் தினமும் காலையில் அந்தக் கல்லை எடுத்துவிட்டுக் கிளிக்கு இரை வைத்திருப்பார் என்ற எண்ணமே எனக்குப் போதும். நாள் முழுவதும் அங்கேயே நிற்பேன். பாக்கிமேயில் நீங்கள் வேறு எதை விட்டாலும் இந்தக் கூண்டுகளை விட்டுவிடாதீர்கள்.

பக்கத்திலேயே வடக்குப் பண்பாடுகளின் அருங்காட்சியகம் 1996 முதல் இயங்குகிறது. இடிபாடுகளின் காட்சியை மறைத்துவிடாதபடி கட்டடத்தின் பெரும்பகுதியை நிலத்துக்குள் இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். அங்கே உள்ள பழைய பாக்கிமே பானைகளை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் கதைக்கு அவை தேவைப்படும். இடைப்பட்ட ஐந்நூறு ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடலாம்: ஸ்பானியர்கள், அப்பாச்சே பழங்குடியினர், மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள், 1911-இல் இங்கே நடந்த சண்டையில் கையில் காயம்பட்ட புரட்சித் தலைவர் பிரான்சிஸ்கோ மதேரோ, 1916-இல் மெக்சிகோ புரட்சிப் படைத்தலைவர் பாஞ்சோ வியாவைத் தேடி வந்து முகாமிட்ட அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் என எல்லாரும் இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகப் போயிருக்கிறார்கள்.

[காட்சி: பழைய ரயில் நிலையம், மண் தெரு, தாழ்ந்த வீடுகள்.]

இனி மாத்தா ஓர்டிஸ். இது ரயிலால் வாழ்ந்த ஊர். 1960-களின் தொடக்கத்தில் ரயில் பழுதுபார்க்கும் பணிமனை நுவெவோ காசாஸ் கிராண்டெஸுக்கு மாற்றப்பட்டதும், வேலை போய், ஆட்களும் போகத் தொடங்கினார்கள். அந்த நாட்களில் இங்கே கழுதையில் விறகு சுமந்து பிழைத்துவந்த இளைஞர் ஹுவான் கேசாடா. 1940-இல் பிறந்தவர், அதிகம் படிக்கவில்லை. மலைப்பக்கம் விறகு பொறுக்கப் போன இடங்களில் கிடைத்த பழைய பானை ஓடுகளின் வண்ணங்கள் அவரை விடவில்லை. இதை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை, ஏனென்றால் அந்தக் கலை மறைந்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த மண், எந்தக் கல்லை அரைத்தால் கறுப்பு, எதை அரைத்தால் சிவப்பு, மண் வெடிக்காமலிருக்க எதைச் சேர்ப்பது என்று ஒவ்வொன்றையும் ஓடுகளைப் பார்த்துப் பார்த்துத் தாமே செய்து கண்டறிந்தார். அந்த உழைப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

1976-இல் ஸ்பென்சர் மெக்கல்லம் என்ற அமெரிக்க மானுடவியலாளர், நியூ மெக்சிகோவின் டெமிங் நகரில் ஒரு பழைய பொருள் கடையில் கையெழுத்தில்லாத மூன்று பானைகளைக் கண்டார். செய்தவர் யார் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. மெக்கல்லம் பானைகளின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டி, ஊர் ஊராக விசாரித்து, கடைசியில் கேசாடாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். மாதந்தோறும் ஒரு தொகை தருவதாகவும், எத்தனை பானை என்ற கணக்கில்லாமல் இன்னும் நன்றாகச் செய்வதில் மட்டும் மனம் வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். கேசாடா தம் உடன்பிறந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்களிடமிருந்து அக்கம்பக்கத்தார் கற்றார்கள். இன்று ஊரில் நூற்றுக்கணக்கானவர்கள் பானை செய்கிறார்கள். 1999-இல் மெக்சிகோ அரசு கேசாடாவுக்குத் தேசிய அறிவியல், கலை விருதை வழங்கியது. 2022-இல் அவர் மறைந்தார். தாம் கண்டறிந்ததைப் பூட்டிவைக்காமல் ஊருக்கே திறந்துவிட்டாரே, அதுதான் என் பார்வையில் அந்த விருதைவிடப் பெரிய செய்தி.

[காட்சி: கைகள் மட்டும். மண் உருண்டை பலகையில் தட்டையாகிறது.]

இப்போது பானை எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். இந்தப் பகுதி நீளமானது. தயவுசெய்து தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள், இந்த வீடியோவின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

பிசைந்த மண்ணைத் தட்டையாக்கி, ஒரு கிண்ண வடிவ அச்சில் அமர்த்துகிறார்கள். அதுவே பானையின் அடிப்பகுதி. அடுத்து, மண்ணை உருட்டித் திரட்டிய ஒரே ஒரு தடித்த வளையத்தை அதன் விளிம்பில் பொருத்துகிறார்கள். உலகின் பல பகுதிகளில் கையால் பானை வனைபவர்கள் வளையத்தின் மேல் வளையமாக அடுக்கி உயர்த்துவார்கள். இங்கே அந்த ஒரே வளையத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே கிள்ளிக் கிள்ளி, சுற்றிச் சுற்றி மேலே இழுத்தே முழுச் சுவரையும் எழுப்பிவிடுகிறார்கள். சுவர் உயர உயர மெலிகிறது. பிறகு, உடைந்த இரும்பு ரம்பத்தின் தகடு ஒன்றால் வெளிப்பக்கத்தைச் சுரண்டிச் சீர்செய்கிறார்கள். பானை காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் தொட்டு, வழுவழுப்பான கூழாங்கல்லாலோ எலும்பாலோ மணிக்கணக்கில் மெருகேற்றுகிறார்கள். நீங்கள் படங்களில் பார்க்கும் பளபளப்பு அந்தத் தேய்ப்பிலிருந்து வருவது. மேலே பூசிய மெருகுப் பூச்சு எதுவும் கிடையாது.

அதன் பின் அந்தத் தலைமுடித் தூரிகை வருகிறது. இழைகள் நீளமாக இருப்பதால், தூரிகையின் நுனியால் தீட்டாமல், முடியின் முழு நீளத்தையும் பானையின் வளைவின் மேல் படுக்கவைத்து மெதுவாக இழுக்கிறார்கள். கை நடுங்கினாலும் கோடு நடுங்காமலிருப்பதற்கு அந்த நீளம் உதவுகிறது. குழந்தையின் முடி மிக மெல்லியது என்பதால் அதற்குத் தனி மதிப்பு. பலர் பென்சிலால் முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. விளிம்பை இரண்டாகவோ நான்காகவோ கண்ணால் பங்கிட்டுக்கொண்டு, ஒரு பங்கில் வரைந்ததை மறுபங்கிலும் அப்படியே கொண்டுவருகிறார்கள். பானை உருண்டை என்பதால் எதிர்ப்பக்கம் கண்ணில் படவே படாது. இருந்தாலும் இரண்டு பக்கமும் பொருந்திவிடும்.

[காட்சி: வெட்டவெளி. கவிழ்த்த பாத்திரத்தைச் சுற்றி வறட்டி அடுக்கப்படுகிறது.]

கடைசியாக நெருப்பு. காற்றில்லாத நாளாகப் பார்த்து, வீட்டுக்குப் பின்புறம் வெறுந்தரையில், பானையை ஒரு சிறு தாங்கியின் மேல் வைத்து, அதன் மேல் பெரிய மண்தொட்டியையோ உலோகப் பாத்திரத்தையோ கவிழ்க்கிறார்கள். அதைச் சுற்றிலும் காய்ந்த சாணத்தையோ காட்டன்வுட் என்ற பாப்லர் வகை மரத்தின் பட்டையையோ அடுக்கித் தீ வைக்கிறார்கள். அடியில் காற்றுப் போக இடம் விட்டால் மண்ணின் சொந்த நிறமும் வண்ணங்களும் அப்படியே வெளிப்படும். எரிபொருளை உள்ளே வைத்து ஓரங்களை மண்ணால் அடைத்துவிட்டால், உயிர்வளி கிடைக்காமல் புகை பானைக்குள் இறங்கி, முழுப் பானையும் கறுப்பாகிவிடும். ஒரே மண் இரண்டு விதமாகப் பிறப்பது இப்படித்தான். தீ அணைந்ததும் கவிழ்த்த தொட்டியைக் கம்பியால் தூக்குவார்கள். ஈரம் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும், சூடு ஒரு பக்கமாக ஏறியிருந்தாலும், பல நாள் உழைப்பு அந்த இடத்திலேயே விரிசல் விட்டுவிடும். குடும்பமே சுற்றி நின்று பார்ப்பது அதற்காகத்தான்.

[காட்சி: திறந்த வீட்டு வாசல், மேசை மேல் பானைகள்.]

பயணியாக நீங்கள் போனால், பெரிய கடைத்தெருவை எதிர்பார்க்காதீர்கள். பல வீடுகளின் முன்னறையே விற்பனைக்கூடம். வாசலில் பலகை இருந்தால் தட்டலாம், கூப்பிட்டால் உள்ளே போகலாம். வேலை நடந்துகொண்டிருந்தால் பார்க்க அனுமதி கேளுங்கள். புகைப்படம் எடுப்பதற்கும் தனியாகக் கேளுங்கள். வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வாங்குவதாக இருந்தால், செய்தவரிடமே வாங்குங்கள், பானையின் அடியில் அவருடைய கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அடிமட்டத்துக்கு பேரம் பேசாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. மேலே சொன்ன வேலை முழுவதையும் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு விலையைக் கேளுங்கள், அது நியாயமாகவே படும். காலையில் வந்து மதியம் திரும்பும் சுற்றுலாவாகவும் இதைத் திட்டமிடாதீர்கள். ஓர் இரவாவது இங்கே தங்கினால்தான் ஒரு வீட்டில் மெருகேற்றுவதையும் இன்னொரு வீட்டில் சுடுவதையும் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும்.

வழியில் 1902-இல் கட்டிய சான் தியேகோ பண்ணை மாளிகை இருக்கிறது. ஒரு காலத்தில் மாநிலத்தின் மாபெரும் நிலக்கிழாராக இருந்த லூயிஸ் தெராசாஸுடையது. மலைப்பக்கம் போக நேரமிருந்தால், குகைக்குள் பானை வடிவிலேயே கட்டப்பட்ட, ஆள் உயரத்தைவிடப் பெரிய தானியக் குதிர் ஒன்றைக் குவேவா தெ லா ஓயாவில் பார்க்கலாம். உணவைப் பொறுத்தவரை, இது கோதுமை டோர்ட்டியாவின், அதாவது சப்பாத்தி போன்ற மெல்லிய ரொட்டியின், நாடு. சிவப்பு மிளகாயில் வேகவைத்த இறைச்சியும், மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் செய்யும் பாலாடைக்கட்டியும் இந்த மாநிலத்தின் அடையாளங்கள். இறைச்சி சாப்பிடாதவர்களுக்குப் பாலாடைக்கட்டி அடைத்த மிளகாயும் அவரையும் கைகொடுக்கும்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். சிவாவாவின் சில மலைப்பாதைகளில் குற்றக் கும்பல்களின் நடமாட்டம் உண்டு. பகலில் மட்டும் பயணம் செய்யுங்கள், பிரதான சாலைகளை விட்டு விலகாதீர்கள், மலைக்குள் போவதானால் அன்றைய நிலவரத்தை உங்கள் விடுதியில் விசாரித்துவிட்டு உள்ளூர் வழிகாட்டியுடன் போங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மெக்சிகோ விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருப்பவர்களுக்கு விலக்கு தரும் விதி இருக்கிறது, ஆனாலும் புறப்படும் முன் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். பெசோ நோட்டுகளை நுவெவோ காசாஸ் கிராண்டெஸிலேயே எடுத்துவிடுங்கள். குளிர்கால இரவுகள் உறையவைக்கும், ஜூன் மாதம் சுட்டெரிக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்கள் இதமானவை.

கடைசியாக, வாங்கிய பானையைப் பற்றி ஒரு வார்த்தை. இவை குறைந்த சூட்டில் சுட்டவை, சுவர் மிக மெல்லியது. தண்ணீர் ஊற்றவோ சமைக்கவோ ஏற்றவையல்ல. ஈரத்துணியால்கூடத் துடைக்காதீர்கள். உள்ளேயும் வெளியேயும் துணிகளைத் திணித்து, பெட்டிக்குள் வைத்து, விமானத்தில் கைப்பொருளாகவே எடுத்துச் செல்லுங்கள். நீங்களாக இருந்தால் வண்ணப் பானையை எடுப்பீர்களா, கறுப்புப் பானையை எடுப்பீர்களா? கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.