மல்லிகை வேண்டாம், மகிழம்பூ எடுங்கள்

வணக்கம் மக்களே! சேலத்தில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பேசுகிறேன். இந்த முறங்களில் காய்வதெல்லாம் பாட்புரிக்கு. காய்ந்த பூ, இலை, பட்டை, கிழங்கு எல்லாம் கலந்து கிண்ணத்தில் வைத்தால் அறையே மணக்கும்.

முதலில் பூ. மார்க்கெட்டுக்குப் போனால் கண் மல்லிகை மேல்தான் போகும். அதைத் தலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், இதற்கு வேண்டாம். மல்லிகை மொட்டு விரியும்போதுதான் மணத்தை உண்டாக்கி வெளியே விடுகிறது. காய்ந்தபின் பழுப்பு நிறம்தான் மிச்சம்.

மகிழம்பூ அப்படியில்லை. இதோ, கிட்டத்தில் காட்டுகிறேன். சுருங்கிப் பழுத்துப்போன இந்தப் பூவை முகர்ந்தால் இன்னும் மணக்கிறது. துணிகளுக்கு நடுவே இதைப் போட்டு வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். விடியற்காலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும், பொறுக்கினால் போதும். என்னைக் கேட்டால் நம் ஊர் பாட்புரிக்கு இதுதான் ராணி. கூடவே மரிக்கொழுந்து, பன்னீர் ரோஜா இதழ், கிடைத்தால் தாழம்பூ மடல். நிறத்துக்கு வாடாமல்லி, காய்ந்தாலும் வெளுக்காது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். பனமரத்துப்பட்டி பக்கமிருந்து அரளி நிறைய வருகிறது, நிறமும் அழகு. ஆனால் அரளி முழுக்க விஷம், காய்ந்தாலும் விஷம் போகாது. குழந்தை கைக்கு எட்டும் கிண்ணத்தில் அதற்கு இடமே இல்லை.

சரி, காயவைப்பது. நிழலில்தான். வெயிலில் போட்டால் நிறமும் போகும், மணம் தரும் எண்ணெயும் ஆவியாகிவிடும். கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்க வேண்டும், ஈரம் இருந்தால் ஜாடிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் சிரமம். 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி இறங்கினால் எதுவும் காயாது. வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் மெல்லிசாகப் பரப்பி வையுங்கள். உங்கள் ஊர் ஆரஞ்சுத் தோலையும் மிளகையும் மறக்காமல் சேருங்கள்!

பலரும் விட்டுவிடுவது மணத்தைப் பிடித்து வைக்கும் பொருள். அது இல்லாவிட்டால் சீக்கிரமே வெறும் சருகுதான். நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர், பூலாங்கிழங்கு, சாம்பிராணிக் கட்டி வாங்குங்கள். கம்ப்யூட்டர் சாம்பிராணி இல்லை, கட்டி. கிழங்கையும் கட்டியையும் இடித்து, வேரைப் பொடியாக நறுக்கி, 4 கப் பூவுக்கு 2 மேசைக்கரண்டி சேர்க்கலாம். அதில் 5 சொட்டு சந்தன எண்ணெய் விட்டுப் பிசறி, அப்புறம் பூவோடு கலக்க வேண்டும். எண்ணெயை நேரே பூவில் ஊற்றினால் ஒரே இடத்தில் நின்றுவிடும். கிராம்பு, பட்டை உங்கள் விருப்பம்.

கண்ணாடி ஜாடியில் மூடி, இருட்டான அலமாரியில் 3 வாரம். இரண்டு நாளைக்கு ஒருமுறை குலுக்கி விடுங்கள். தொடக்கத்தில் கிராம்பு மட்டும் தூக்கலாக அடிக்கும், கவலைப்படாதீர்கள், போகப் போகச் சேர்ந்துவிடும்.

வெளியே எடுத்தபின் வெயில் படாத இடத்தில் வையுங்கள். மணம் குறைந்தால் கையால் கிளறிவிடுங்கள். அப்படியும் எழவில்லையா? இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி ஜாடியில் ஒரு வாரம்.