உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள்?

(புதுச்சேரியில் ஒரு வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மேசைமேல் இருக்கிற இந்தப் பச்சை உருண்டையைப் பாருங்கள். சாத்துக்குடி அளவுதான் இருக்கும். நான் மண்ணில் செய்து சூளையில் சுட்ட முதல் மூடி போட்ட பெட்டி இது. குலுக்கினால் உள்ளே கிலுகிலு என்று ஏதோ உருள்கிறது, பின்வரிசைக்குக் கேட்கிறதா? அது என்னவென்று எனக்கும் தெரியாது. மூடி உட்காருகிற விளிம்பிலும் ஆசையாகப் பளபளப்புப் பூச்சைத் தடவிவிட்டேன். பூச்சு என்பது உருகிய கண்ணாடிதானே? சூளைக்குள் இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. இன்றுவரை திறக்க முடியவில்லை. உடைத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை.

இப்போது என் மண்பாண்ட வகுப்புக்கு யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, “உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள்?” என்பதுதான். பலரும் “சும்மா அழகா ஒரு டப்பா” என்பார்கள். அது போதாது. பிள்ளையின் விழுந்த பல்லா, காய்ந்த தொப்புள்கொடியா, பாட்டியின் மூக்குத்தியா, ஊரிலிருந்து அப்பா போட்ட இன்லண்ட் கடிதங்களா? அந்தப் பொருளைக் கையோடு கொண்டுவாருங்கள் என்பேன். அளந்த பிறகுதான் மண்ணைத் தொட வேண்டும்.

ஏன் என்று கேட்டால் மண் சுருங்கும். நான் பயன்படுத்துகிற மண் ஸ்டோன்வேர் வகை. நம் வீட்டு ஊறுகாய் ஜாடி இருக்கிறதே, மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக, அந்த இனம். ஈரமாக இருப்பதிலிருந்து கடைசிச் சூட்டில் வெந்து வெளியே வருவதற்குள் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறைந்துவிடும். ஒரு அம்மா இறந்துபோன தன் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பெட்டி செய்ய வந்தார். கண்ணாடி 14 செ.மீ. அவர் உள்ளளவு 15 வைத்துச் செய்தார். சுருக்கத்தைச் சொல்ல நான் மறந்துவிட்டேன், தப்பு என்னுடையதுதான். சூளையிலிருந்து எடுத்தால் உள்ளளவு 13.2. கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தார், குறுக்காக வைத்துப் பார்த்தார், நுழையவே இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, அப்பாவோட பொடி டப்பா இருக்கு, அது போகும்” என்றார். இரண்டாவது முறை கணக்குப் போட்டோம். கண்ணாடி 14, விரல் விட்டு எடுக்க ஒன்றரை, ஆக 15.5. அதை 0.88ஆல் வகுத்தால் 17.6. அந்தப் பெட்டி சரியாக வந்தது. விரலுக்கு இடம் விடுவதை மறந்துவிடாதீர்கள். உள்ளே போன மூக்குத்தியை வெளியே எடுக்கப் பெட்டியைக் கவிழ்க்க வேண்டியிருந்தால் அது உண்டியல்.

அன்புக்குரியதை மண்ணுக்குள் வைத்து மூடுவது நமக்குப் புதிதில்லை. இறந்தவர்களைத் தாழிக்குள் வைத்துப் புதைத்த ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டை நூறாண்டுக்கு முன்பு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது எலும்போடு இரும்பும் வெண்கலமும் தங்க நெற்றிப்பட்டமும் கிடைத்தன. ஆனால் ஸ்டோன்வேரைக் கைத்தொழில் கலையாக இந்த ஊரில் ஊன்றியவர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும். 1971இல் அவர்கள் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையில் கற்றவர்கள் இன்று நாடு முழுக்க இருக்கிறார்கள்.

செய்முறைக்கு வருகிறேன். முதல்முறை செய்கிறவர்கள் சக்கரத்தில் மூடி வனையப் போகாதீர்கள், அழுகை வரும். கிண்ணத்தைத் தனியாக, மூடியைத் தனியாக வனைந்து இரண்டையும் பொருத்துவது பழகிய கைக்கே தகராறு. இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. மண்ணை விரலால் அழுத்தி அழுத்தி ஒரே அளவில் இரண்டு கிண்ணம் செய்யுங்கள். வாயைக் கீறி, மண்குழம்பு தடவி, வாயோடு வாய் ஒட்டுங்கள். இப்போது ஒரு மூடிய உருண்டை கிடைத்துவிட்டது. உள்ளே அடைபட்ட காற்று மெத்தை மாதிரி தாங்கும். மரக்கரண்டியால் தட்டித் தட்டி முட்டையாகவோ சதுரமாகவோ கொண்டுவரலாம். அப்புறம் ஊசியால் ஒரு ஓட்டை குத்துங்கள். காயும்போது மண் சுருங்கும், உள்ளே இருக்கிற காற்று சுருங்காது, ஓட்டை இல்லாவிட்டால் விரிசல் விடும். சூளையில் பானை வெடிப்பது அடைபட்ட காற்றால் என்று பலரும் சொல்வார்கள். வெடிக்க வைப்பது ஈரம். மண்ணில் மிச்சமிருக்கிற தண்ணீர் நீராவியாகித் தள்ளுகிறது. ஈரம் போகும்வரை பொறுமையாகக் காய வையுங்கள்.

உருண்டை தோல் பதத்துக்கு வரட்டும். அமுக்கினால் குழியக் கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அப்போது மெல்லிய கத்தியால் சுற்றி வெட்டுங்கள். வெட்டும்போது ஓரிடத்தில் சின்ன வளைவு ஒன்று விடுங்கள். மூடி அந்த ஒரு திசையில் மட்டும் சரியாக உட்காரும். கீழ்ப்பாதியின் உட்புறம் ஒரு மண்பட்டையை, விளிம்புக்கு மேலே அரை செ.மீ. எட்டிப் பார்க்கிற மாதிரி ஒட்டினால் மூடி நழுவாது. பட்டைக்கும் மூடிக்கும் நடுவே செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்து மூடிவிடுங்கள்.

இனிமேல் இரண்டையும் பிரிக்காதீர்கள். சேர்ந்தே காய வேண்டும், சேர்ந்தே வேக வேண்டும். தனித்தனியாகச் சுட்டால் வாய் ஒரு பக்கம் கோணும், மூடி இன்னொரு பக்கம் கோணும். முதல் சூடு 1000 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. பிறகு பூச்சு. மூடியும் வாயும் தொடுகிற இடத்தில் மெழுகு தடவி, பூச்சை ஈரப் பஞ்சால் சுத்தமாகத் துடைத்து, சூளைச் சூட்டில் உருகாத அலுமினாப் பொடியைச் சீனாக் களிமண்ணோடு குழைத்து மெல்லியதாகப் பூசினால் கடைசிச் சூட்டிலும் ஒட்டாது. இந்த ஒரு பத்தியை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பச்சை உருண்டை திறந்திருக்கும்.

கடிதமோ முடியோ வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரம் சாதாரணமில்லை. ஸ்டோன்வேர் சுவர் ஈரத்தை விடாது, மூடியின் இடுக்கு விடும். மாத்திரை பாட்டிலில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள். குறைந்த சூட்டில் சுட்ட செம்மண் பெட்டியில் காகிதம் வேண்டாம், சுவரே தண்ணீரை உறிஞ்சும்.

மூடிக்குப் பிடி வேண்டுமா என்று முன்வரிசையில் கேட்கிறார்கள். உங்கள் கையைப் பொறுத்தது. மூட்டுவலி இருக்கிற பாட்டி திறக்கப் போகிற பெட்டி என்றால் பெரிய பிடியாக வையுங்கள். பேரன் திறக்கக் கூடாது என்றால் பிடியே வைக்காதீர்கள்.

மண் அந்த ஈரச் சாக்குக்குள் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு கைப்பிடி. கை கழுவுகிற தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்ற வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும், வாளி வெளியே வைத்திருக்கிறேன். கொண்டுவந்த பொருளை முதலில் எடுத்து மேசைமேல் வையுங்கள், அளவுகோலோடு வருகிறேன்.